எண்ணெய் மொய்யேட்டில் எவர் பெயர்?

(கீரமங்கலத்தில் ஆற்றப்பெற்ற உரை)



ஆடியும் ஆவணியும் வந்தால் கீரமங்கலத்திலும் வடகாட்டிலும் மொய்விருந்துப் பந்தல்கள் எழுகின்றன. உண்டு முடித்தவர் எழுத்தர் முன் வந்து நிற்கிறார். ஊர், பெயர், தொகை மூன்றும் ஏட்டில் ஏறுகின்றன. ஐயாயிரம் செய்தவன் பெயரில் ஐந்நூறும், ஐந்நூறு செய்தவன் பெயரில் ஐயாயிரமும் எழுதிவிட்டால் அந்த ஏடு ஏடாகாது. அதன்பின் உறவும் உறவாகாது. கொடுத்தவன் பெயரைப் பிழையின்றி எழுதும் அந்த நேர்மை ஒரு பெரிய கணக்கில் தவறிப்போயிற்று. மும்பைக் கடலில் எண்ணெய் கண்ட புகழ் எவர்க்குரியது என்பதே அக்கணக்கு.

நூற்றொன்று செய்வதற்காக அந்நாளில் வீட்டில் தேடி எடுத்த ஒற்றை உருபாத் தாளைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். 1980களில் வந்த தாளின் பின்புறத்தில், கடலில் நெடிய கால்களை ஊன்றி நிற்கும் ஒரு கலத்தின் படம் உண்டு. 2015-இல் அத்தாளை மீண்டும் அச்சிட்டபோதும் அப்படமே இடம்பெற்றது. அதன் பெயர் 'சாகர் சம்ராட்'. கடற்பேரரசன் என்பது பொருள். கட்டியவர் சப்பானியர், வாங்கியது நடுவணரசு, சூட்டிய பெயரோ வடமொழி. பன்மொழி நாட்டில் பெயர் வைக்கும் வேளையில் மட்டும் ஒரே மொழி நினைவுக்கு வருவது புதிதன்று. அது நிற்க.

1974 பிப்பிரவரியில் மும்பைக்கு மேற்கே ஏறத்தாழ 100 கல் தொலைவில், 75 மீட்டர் அளவு ஆழமுள்ள கடலில் அக்கலம் இட்ட துளையில் எண்ணெய் வந்தது. 1973-இன் இறுதியில் மேற்காசியப் போரை ஒட்டி எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காகி நாடு தவித்திருந்த வேளை அது. ஆதலால் உரிமை கொண்டாடுவோர்க்குக் குறைவில்லை. ஆளுங்கட்சியினர் இந்திரா காந்தியின் ஆட்சிக்கு உரியதென்றனர். உருசிய நட்பாளர் சோவியத்து அறிஞரைக் காட்டினர். பிறர் மாளவியாவின் பெயரைச் சொன்னார்கள். பணத்தாள் கலத்தைக் காட்டிற்று. நால்வர் வந்து ஒரே மொய்யைத் தம்முடையதென்றால் எழுத்தர் என்ன செய்வார்? முந்தைய ஏடுகளைப் புரட்டுவார்.

புரட்டினால் முதலில் நிற்பவர் கேசவ தேவ மாளவியா. விடுதலை பெற்ற புதிதில் அசாமுக்கு வெளியே இந்தியாவில் குறிப்பிடத்தக்க எண்ணெய் இல்லை என்பதே மேலைக் குழுமங்களின் பேச்சாக இருந்தது. விற்பனையும் தூய்மிப்பாலைகளும் அவர்கள் கையில் இருந்தன. இங்கே எண்ணெய் கண்டுபிடிக்க அவர்களுக்கு என்ன விரைவு? மாளவியா அப்பேச்சை ஏற்கவில்லை. உருசியரையும் உருமேனியரையும் துணைக்கழைத்தார். 1956 ஆகத்து 14-இல் எண்ணெய் இயற்கை எரிவளி ஆணையம் நிறுவப்பெற்றது. 1958-இல் குசராத்தின் கம்பாத்திலும் 1960-இல் அங்கலேசுவரத்திலும் எண்ணெய் கிடைத்தது. நிலத்தில் கண்ட அந்த எண்ணெயே கடலை நோக்கிச் செல்லும் துணிவைத் தந்தது.

ஆயினும் 1963-இலேயே மாளவியா அமைச்சர் பொறுப்பினின்று விலகிவிட்டார். கடலில் தேடல் நடந்த ஆண்டுகளில் அவர் அங்கில்லை; 1974-இல் எண்ணெய் வந்தபோது அத்துறை தேவகாந்த பரூவாவின் கையில் இருந்தது. ஆக, மாளவியாவுக்குரியது விதைத்தவன் பங்கு. அது சிறிதன்று, அதுவே முழுமையுமன்று.

அடுத்த பக்கத்தில்தான் மறந்துபோன வரி இருக்கிறது. 1964 முதல் 1967 வரை 'அக்காதெமிக் அர்க்காங்கெல்சுகி' என்னும் சோவியத்து ஆய்வுக்கலம் கம்பாத்து வளைகுடாவை ஒட்டிய கடலை அளந்தது. உருசியரும் இந்தியரும் அதில் சேர்ந்து பணிபுரிந்தனர். நீரில் அதிர்வு எழுப்புவர். அவ்வதிர்வு கடலடிப் பாறை அடுக்குகளிற் பட்டு மீளும். மீண்டதைக் கருவிகள் கோடுகளாக வரையும். அக்கோடுகளை நாட்கணக்கில் உற்றுநோக்கி, இங்கே அடுக்கு தாழ்கிறது, அங்கே உயர்கிறது என்று படிக்க வேண்டும். அப்படிப் படித்தவர்கள் கடலடியில் புதைந்த ஒரு பெருமேட்டைக் கண்டனர். 'பாம்பே ஐ' என்று உலகம் சொல்வதன் பொருள் அதுதான்: பம்பாய் மேடு. உயரமான கிணறு என்றும் உயர்ந்த உற்பத்தி என்றும் பொருள் கொள்வாரும் உளர்! மேட்டில்தான் எண்ணெய் தங்கும். பள்ளத்தில் துளையிட்டால் உப்புநீரே மிஞ்சும்.

மேட்டைக் கண்டும் துளையிடப் பல்லாண்டு ஆயிற்று. கரணியம் எளிது: அவ்வளவு ஆழத்தில் நின்று துளையிடும் கலம் நாட்டில் இல்லை. 1970-இல் ஆழங்குறைந்த அலியாபேட்டில் முதற்கடற்கிணறு தொடங்கப்பெற்றது. 1972-73-இல் மேட்டை மீண்டும் நுணுகி அளந்தனர். 1973-இல் சப்பானிலிருந்து கலம் வந்தது. இடம் முன்னரே குறிக்கப்பட்டிருந்தது. கலம் சென்று அங்கே காலூன்றியது. துளையிட்டவர் உழைப்பை இது குறைப்பதாகாது. ஆனால் வழி தெரியாத கலத்துக்குக் கடல் முழுதும் ஒன்றே. மொய்யேட்டில் பெருந்தொகைக்கு நேரே எழுதவேண்டியது அலைக்கோடுகளைப் படித்த அவ்விரு நாட்டு அறிவியலாரின் பெயர்கள். அவர்கள் மேடையேறவில்லை, பணத்தாளிலும் ஏறவில்லை.

1976 மே திங்களில் அங்கு எண்ணெய் எடுக்கத் தொடங்கினர். 1980களில் நாட்டில் எடுக்கப்பெற்ற எண்ணெயில் பாதிக்கு மேல் மும்பைக் கடலினின்றே வந்தது.

துளைக்குழாய் எப்படியிருக்கும் என்பதைக் கீரமங்கலத்தார்க்கு விளக்க வேண்டுவதில்லை. 2017 பிப்பிரவரியில், முன்பே கண்டறியப்பெற்ற சிறு வயல்கள் என்னும் பட்டியலில் அண்டையிலுள்ள நெடுவாசலையும் வைத்து நடுவணரசு ஒப்புதல் தந்தபோது, ஊரே திரண்டு அமர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். அறந்தாங்கி, கறம்பக்குடி, திருவரங்குளம் ஒன்றியங்களைக் காக்கப்பெற்ற வேளாண் மண்டலத்துள் சேர்த்த சட்டம் 2020-இல் வந்தது. கண்டவர் பட்டியலில் ஆணையம் உண்டு; ஒப்பந்தப் பட்டியலில் குழுமம் உண்டு; அந்நிலத்தை உழுதவன் எந்தப் பட்டியலிலும் இல்லை.

கடலில் உழவன் இல்லைதான். ஆனால் அங்கும் எழுதாத பெயர்கள் உண்டு. 2005 சூலை 27, மழைக்காலம். மும்பை மேட்டின் வடபகுதி மேடைக்கருகே நின்ற துணைக்கலத்தில் சமையல் செய்யும் ஒருவரின் விரல் வெட்டுண்டது. அவரை மருத்துவத்துக்கு அனுப்ப மேடையில் ஏற்ற வேண்டியிருந்தது. கொந்தளித்த கடலில் கலம் மேடையின் எண்ணெய்க் குழாயில் மோதிற்று. தீ எழுந்தது. இரண்டு மணி நேரத்தில் மேடை கடலுள் சரிந்தது. மாண்டவர் 22 பேர்.