அச்சகத்துக்குப் போகும் முன்

நம் குடியிருப்பிலேயே சிலர் சொந்தச் செலவில் புத்தகம் போடும் யோசனையில் இருக்கிறீர்கள். பென்ஷன் பணம் என்பதால் சொல்கிறேன்.

பல வருடம் முன் பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்து வைத்ததை இப்போது வேர்டில் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியலாம். போய்விட்டது என்று அழித்துவிடாதீர்கள். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்த ஏற்பாடு அது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மென்பொருளில் போட்டால் யூனிகோடாக வந்துவிடும். தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடுக்கு மாறியது. மாற்றியதும் மூலத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள். இடையில் இருந்த ஆங்கிலச் சொற்களும் தமிழாகி உளறும்.

அடுத்து பக்க அளவு. ஏ4-லேயே முழுவதும் திருத்திவிட்டுக் கடைசியில் டெமிக்கு மாற்றினால் பக்கங்கள் எல்லாம் நகர்ந்துவிடும். கையால் அடித்த பொருளடக்கம் அத்தனையும் தப்பு. முதலிலேயே ஐந்தரைக்கு எட்டரை அங்குலம் வையுங்கள். அத்தியாயத் தலைப்புக்கு ‘ஹெடிங்’ ஸ்டைல் கொடுத்தால் பொருளடக்கத்தை வேர்டே போடும். புதுப் பக்கத்துக்கு என்டரைத் தட்டிக்கொண்டே போகாமல் கன்ட்ரோல்-என்டர் ஒருமுறை போதும்.

ஆப்செட்டில் பொதுவாக 16 பக்கம் ஒரு ஃபாரம். 96 பக்கம் என்றால் ஆறு. 98 என்றால் அந்த இரண்டு பக்கத்துக்குத் தனிச் செலவு. அதற்காக எழுத்தைச் சிறிதாக்க வேண்டாம், படிக்கப்போவது நம் வயதுக்காரர்கள்! நன்றியுரையைச் சுருக்கலாம்.

பழைய ஃபைல் இருப்பவர்கள் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து வாருங்கள். ஞாயிறு காலை உட்கார்ந்து பார்ப்போம்.