இடர்கள் அடுக்கி வருங்கால்



துன்பம் ஒன்று தனித்து வருமாயின் மனிதன் அதனை எதிர்த்து நிற்க வழி தேடுவான். பல துன்பங்கள் ஒருங்கே வந்து சூழும்போதோ, எதனை முதலில் எதிர்ப்பது என்பதே அவனுக்குப் புலப்படுவதில்லை. 'இடுக்கண் அழியாமை' என்னும் 63ஆம் அதிகாரத்தில் வள்ளுவர் இந்நிலையைத் தனியே எடுத்துப் பேசுகிறார். துன்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தாலும் உள்ளம் தளராதவனிடத்தில் அத்துன்பமே துன்பமுறும் என்பது 625ஆம் குறளின் கருத்து. உள்ளம் தளராமை உயர்ந்த பண்பு. ஆயினும், அது கைகூடும் வழி யாது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அவ்வினாவோடு அணுகத்தக்கது பிற்காலத் தனிப்பாடல் ஒன்று.

இராமச்சந்திர கவிராயர் பெயரில் வழங்குவதும் விவேக சிந்தாமணிப் பதிப்புகளில் காணப்படுவதுமான அப்பாடல் இந்த அவை அறியாததன்று. ஓர் உழவன் வீட்டில் பசு கன்று ஈனுகிறது. அதே வேளையில் மழை கொட்டுகிறது, வீடு இடிந்து விழுகிறது, மனைவி உடல் நோகிறாள், பணியாள் இறந்துபோகிறான். வயலின் ஈரம் போய்விடுமே என்று விதையை எடுத்துக்கொண்டு ஓடுகிறான் உழவன். வழியில் கடன்காரர் மறிக்கின்றனர். இழவோலையோடு ஒருவன் எதிர்ப்படுகிறான். தட்ட முடியாத விருந்து வருகிறது. பாம்பு கடிக்கிறது. அரசன் வரி கேட்கிறான். குருக்கள் தட்சணை கேட்கிறார். சில பாடங்களில், கவி பாடிப் பரிசில் வேண்டும் புலவரும் வந்து சேர்கிறார்.

கேட்போர் சிரிப்பர். பாடலின் நயமும் அதுவே. ஆனால் அச்சிரிப்புக்குக் கீழே இலக்கண நுட்பம் ஒன்று உண்டு. புலவர் 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சங்களையே அடுக்கிச் செல்கிறார். முற்றுவினையை இறுதிவரை தள்ளிப்போடுகிறார். செயவென் எச்சம் உடனிகழ்ச்சியையும் உணர்த்தும் என்பது இலக்கணம் கற்றோர் அறிந்தது. ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்ற ஆறுதல் அங்கே இல்லை. மூச்சுவிட ஒரு முற்றுப்புள்ளி கிடைக்காத வாழ்க்கையை, முற்றுப்பெறாத வினைகளாலேயே புலவர் காட்டிவிடுகிறார்.

எனினும் அதே பாடல் மற்றொன்றையும் செய்கிறது. துன்பத்தில் அகப்பட்டவன் கண்ணுக்கு எல்லாம் சேர்ந்து ஒரே மலையாகத் தோன்றும். புலவரோ அதனை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பெயர் சொல்கிறார். பிரித்துப் பார்த்தால்தான் வேற்றுமை தெரியும். பசு ஈனுவதும் மழை பெய்வதும் விருந்து வருவதும் இயல்பில் நன்மைகள். வந்த வேளையால் இடரானவை. பணியாளின் சாவு மாற்ற இயலாதது. அதற்குக் கண்ணீர் ஒன்றே கடன். பாம்புக் கடி ஒரு நாழிகையும் பொறுக்காது. மனைவியின் நோவும் அத்தகையதே. விதைப்பு ஈரம் உள்ளவரை பொறுக்கும். இவ்வாறு வகைப்படுத்துவதே தளராமையின் முதற்படி எனலாம். பன்னிரண்டையும் ஒருசேரச் சுமக்க எவராலும் இயலாது. பன்னிரண்டில் இன்றைக்கு உரியவை இரண்டோ மூன்றோ என்று காண்பது இயலும்.

இனி, எஞ்சியோரைக் காண்க. கடன்காரர், வரி கேட்கும் அரசன், தட்சணை கேட்கும் குருக்கள், பரிசில் கேட்கும் புலவர். இவர்கள் அனைவரும் மனிதர்கள். மழையை நிறுத்த முடியாது. நஞ்சைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. ஆனால் கடனும் வரியும் தட்சணையும் பரிசிலும் நாளைக்கு வரலாம். உழவனை வீழ்த்துபவை இயற்கை தந்த இடர்கள் மட்டுமல்ல. காத்திருக்க வல்லவர்கள் காத்திருக்க மறுத்ததும் ஆகும். அப்பாடல் முழுவதிலும் 'நீ வீட்டுக்குப் போ, விதையை யாம் விதைக்கிறோம்' என்று சொல்ல ஓர் அண்டை வீட்டார்கூட இல்லை என்பது நெஞ்சைச் சுடும் உண்மை.

இது பழங்கதை அன்று. 2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியபோது எத்தனையோ இல்லங்கள் இப்பாடலை வாழ்ந்து கண்டன. கூலி நின்றது, பள்ளி மூடியது, நோய் அச்சுறுத்தியது, இறந்தார் முகத்தையும் காண இயலாது போயிற்று. அவ்வேளையில் காத்திருத்தல் என்பது சட்ட வடிவிலும் வந்தது. மார்ச் 27 அன்று இந்திய ரிசர்வ் வங்கி கடன் தவணைகளைத் தள்ளிவைக்க வங்கிகளுக்கு இசைவளித்தது. அவ்விசைவு பின்னர் ஆகஸ்ட் 31 வரை நீண்டது. வட்டி மட்டும் நிற்கவில்லை என்பதும் மறக்கத்தக்கதன்று. ஜூன் 9 அன்று தமிழக அரசு பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வைக் கைவிட்டது. தள்ளவே முடியாதவை எனக் கருதப்பட்ட தவணையும் தேர்வும், மனிதர் மனம் வைத்தால் வழிவிடும் என்பதை அந்த ஆண்டு மெய்ப்பித்தது.

ஆகவே, இடர்கள் அடுக்கி வருங்கால் தளராதிருக்கும் கடமையைத் துன்புற்றவன் ஒருவன்மீதே சுமத்துவது அறமாகாது. அவன் செய்யத்தக்கது இடர்களைப் பிரித்துப் பெயரிடுவதும், தன் நிலையை நாணாது பிறர்க்கு உரைப்பதும். அவன் வாயிலில் நிற்போர் செய்யத்தக்கது காத்திருப்பது. கூடுமாயின் ஒரு சுமையை வாங்கிக்கொள்வது. உடை நெகிழ்ந்தவனுக்குச் சொல்லாமலே விரையும் கையினை நட்புக்கு உவமையாக்கும் 788ஆம் குறள் கற்பிப்பதும் இதுவே.

பத்தாண்டு கண்ட இலக்கிய வட்டத்துக்கு இதில் ஒரு செய்தி உண்டு. கூட்டத்திற்குத் தொடர்ந்து வாராத உறுப்பினர், கேட்ட கவிதையைத் தராத கவிஞர் எனப் பலர் எல்லா அவைகளிலும் உண்டு. அவர்கள் வீட்டில் எத்தனை எச்சங்கள் முற்றுப்பெறாமல் நிற்கின்றனவோ! கவிதை கேட்டு வாயிலில் நிற்கும் முன், அவர் நலம் கேட்டு ஒருவர் சென்று வருதல் வேண்டும். பரிசில் கேட்டு நின்ற அந்தப் புலவர், அன்று விதைக்கூடையை வாங்கிக்கொண்டு வயலுக்கு நடந்திருந்தால் பாடல் வேறு விதமாக முடிந்திருக்கும்.