மலிவின் விலையைத் தருவது யார்?

(கொச்சி மட்டாஞ்சேரியில் தமிழ்த் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டம் தொடங்குவதற்கு முன் கடைவீதியில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, இங்குள்ள தங்கும் விடுதிகளுக்குத் துணி வெளுத்துத் தரும் தோழர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். ஒரு விடுதியில் மாதக்கணக்கில் தங்கியிருக்கும் வெளிநாட்டு முதியவர் அவரிடம் இப்படிச் சொன்னாராம்: "எங்கள் நாட்டில் பல் மருத்துவருக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே நான் பல மாதங்கள் வாழ்ந்துவிடுவேன்." தோழர் கேட்டார்: "அவருக்கு இவ்வளவு மலிவாக இருக்கும் இதே ஊரில், என் தாயாரைத் தனியார் மருத்துவமனையில் சேர்க்க நான் ஏன் மனைவியின் கம்மலை அடகு வைக்க வேண்டி வந்தது?"

எனது உரை முழுவதும் இந்த ஒரு கேள்விக்கு விடை தேடும் முயற்சிதான்.

ஓடி வருபவர்கள் யார்?

முதலில் அந்த முதியவரைப் புரிந்துகொள்வோம். அவர் நமது எதிரி அல்ல. பெரும்பாலும் அவரும் ஆயுள் முழுவதும் உழைத்து ஓய்வு பெற்றவர்தான். உலகின் மிகப்பெரிய முதலாளித்துவ நாடான அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தோருக்கான மெடிகேர் என்னும் அரசுக் காப்பீடு 1965இல் சட்டமாயிற்று. ஆனால் அதன் அடிப்படைத் திட்டம் வழக்கமான பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. முதுமையில் பல் விழும் என்பதை அறியாமலா சட்டம் எழுதினார்கள்? 65 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் கோடிக்கணக்கானோரின் காப்பீடு, அவர்களது வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை போனால் காப்பீடும் போகும். அந்நாட்டில் எவ்விதக் காப்பீடும் இல்லாதோர் இரண்டரைக் கோடிப் பேர் அளவில் இருக்கிறார்கள். இத்தனைக்கும் அந்நாடு தன் மொத்த உற்பத்தியில் 17 விழுக்காட்டுக்கும் அதிகமாக மருத்துவத்திற்குச் செலவிடுகிறது. பணம் இல்லாமல் அல்ல, அந்தப் பணம் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் மருந்து நிறுவனங்களுக்கும் போவதால்தான் நோயாளி எல்லை தாண்டுகிறார். மெக்சிகோவின் எல்லையோரச் சிற்றூரான லோஸ் அல்கோடோனஸ், அமெரிக்கர்களுக்குப் பல் கட்டியே வாழும் ஊராக மாறிவிட்டது.

பிரிட்டனில் 1948இல் தொழிலாளர் கட்சி ஆட்சியின்போது தேசிய சுகாதார சேவை உருவானது. அங்கே மருத்துவம் உரிமை. ஆனால் நாட்டை விட்டு வெளியேறிக் குடியமர்ந்தால் அந்த உரிமை கூடவே வராது. இந்தியாவில் வந்து வாழும் பிரிட்டிஷ் முதியவரின் அரசு ஓய்வூதியம், ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப உயர்த்தப்படுவதும் இல்லை. வந்த நாளில் இருந்த தொகையிலேயே அது உறைந்து நிற்கும்.

2020ஆம் ஆண்டு கோவிட் பரவிய வேளையில், கொச்சியில் தங்கியிருந்த அமெரிக்க முதியவர் ஒருவர், தாய்நாட்டைவிட இங்கேயே பாதுகாப்பாக உணர்வதாகவும் தொடர்ந்து தங்க அனுமதி வேண்டும் என்றும் கேரள உயர்நீதிமன்றத்தை நாடினார். கேரளத்தின் பொது சுகாதாரத்திற்குக் கிடைத்த நற்சான்று என்று அன்று நாம் பெருமைப்பட்டோம். பெருமைப்பட்டது தவறில்லை. ஆனால் ஒரு வல்லரசின் குடிமகன் நோய்க்கு அஞ்சித் தன் நாட்டுக்குத் திரும்ப மறுக்கிறார் என்றால், அது அந்த அமைப்பின் மீதான குற்றப்பத்திரிகையும் ஆகும்.

இத்தகையோரை ஈர்க்க நாடுகள் போட்டியிடுகின்றன. மலேசியா 'எனது இரண்டாம் இல்லம்' என்கிறது. இலங்கை 55 வயதைக் கடந்த வெளிநாட்டவருக்கென்று தனி விசா வைத்திருக்கிறது. பிலிப்பைன்சும் தாய்லாந்தும் அவ்வாறே. இந்தியாவில் ஓய்வுக்காலக் குடியமர்வுக்கென்று விசா இல்லை. ஆனால் மருத்துவ விசா உண்டு.

மலிவு எங்கிருந்து பிறக்கிறது?

ஒரே அறுவை சிகிச்சை. அதே கருவி, பெரும்பாலும் அதே மருந்து. அங்கே விலை பல மடங்கு; இங்கே குறைவு. ஏன்? கருவி இறக்குமதியானது, அதன் விலை இங்கே பெரிதாகக் குறைவதில்லை. குறைவது மனித உழைப்பின் விலை.

உழைப்புச் சக்தியின் மதிப்பில் வரலாற்று அம்சமும் ஒழுக்க அம்சமும் அடங்கியிருக்கின்றன என்று மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் விளக்கினார். ஒரு தொழிலாளி எதை உண்டு, எங்கே உறங்கி, எவ்வளவு கல்வி பெற்று வாழ்வது 'போதுமானது' என்பதை அந்தந்த நாட்டின் வரலாறும் போராட்டமும் தீர்மானிக்கின்றன. காலனியாதிக்கத்தின் இருநூறு ஆண்டுகள் நம் நாட்டில் அந்தப் 'போதுமானது' என்னும் கோட்டை மிகக் கீழே இழுத்துவிட்டன. விடுதலைக்குப் பின் வந்த முதலாளித்துவ வளர்ச்சிப் பாதை அதைத் தேவையான அளவு உயர்த்தவில்லை. மருத்துவமனையில் தரை துடைப்பவர், சமையற்கூடத்தில் நிற்பவர், விடுதியின் விரிப்பை வெளுப்பவர், ஆட்டோ ஓட்டுபவர் ஆகிய அனைவரின் கூலியும் சேர்ந்துதான் அந்த முதியவருக்கு 'மலிவு' ஆகிறது.

ஆகவே தோழரின் கேள்விக்கு முதல் விடை இதுதான்: டாலரில் ஓய்வூதியம் பெறுபவருக்கு எது மலிவோ, அது ரூபாயில் கூலி வாங்குபவருக்கு மலிவு அல்ல. அவருக்கு மலிவாக இருப்பதற்குக் காரணமே உங்கள் கூலி குறைவாக இருப்பதுதான்.

ஒரே விமான நிலையம், இரண்டு வாசல்

நெடும்பாசேரி விமான நிலையத்திற்குச் சென்று பாருங்கள். வருகை வாசலில் மாலத்தீவிலிருந்தும் ஓமனிலிருந்தும் சிகிச்சைக்காக நோயாளிகள் வருகிறார்கள். வளைகுடாவில் உழைக்கும் மலையாளியும் தமிழரும், அங்கே சிகிச்சைச் செலவு தாங்காமல், அறுவை சிகிச்சையை விடுமுறை வரை தள்ளிப்போட்டு ஊருக்கு வருகிறார்கள். புறப்பாடு வாசலில் யார் நிற்கிறார்கள்? செவிலியர்கள். நோயாளி மலிவைத் தேடி வருகிறார். அந்த மலிவை உண்டாக்கிய செவிலியர், அந்தக் கூலியில் வாழ முடியாமல் வெளியேறுகிறார்.

2011, 2012ஆம் ஆண்டுகளில் கேரளத் தனியார் மருத்துவமனைகளில் செவிலியர்கள் நடத்திய வேலைநிறுத்தங்களை நினைவுகூருங்கள். கல்விக் கடன் வாங்கிப் படித்த இளம்பெண்கள், அந்தக் கடனின் தவணையைக்கூடக் கட்ட முடியாத சம்பளத்தில் இரவும் பகலும் வேலை செய்தார்கள். தொடர்ந்த போராட்டங்களுக்குப் பிறகு, 2018 ஏப்ரலில்தான் அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய் என்று இடது ஜனநாயக முன்னணி அரசு அறிவிக்கை வெளியிட்டது. அதை எதிர்த்து மருத்துவமனை நிர்வாகங்கள் நீதிமன்றம் சென்றன. 'உலகத் தரமான சிகிச்சை' என்று விளம்பரம் செய்யும் தொழில், உலகத் தரமான ஊதியம் என்றதும் வழக்குத் தொடுக்கிறது!

2023ஆம் ஆண்டுக் கேரளப் புலம்பெயர்வு ஆய்வின்படி, ஏறத்தாழ 22 லட்சம் கேரளத்தவர் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அவர்களும் 'நல்ல வாழ்வு' தேடிச் சென்றவர்களே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அந்த முதியவர் தன் ஓய்வூதியத்தோடு வருகிறார். நம்மவர் தன் உடல் வலிமையை மட்டுமே கொண்டு செல்கிறார். வலிமை தீர்ந்ததும் நோயோடு திருப்பி அனுப்பப்படுகிறார். இளமை வளைகுடா முதலாளிக்கு. முதுமையும் சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் கேரள அரசு மருத்துவமனைக்கும் தமிழக அரசு மருத்துவமனைக்கும்.

மருத்துவம் ஏற்றுமதிச் சரக்கா?

2002ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, வெளிநாட்டு நோயாளிகளுக்கு அந்நியச் செலாவணி பெற்று அளிக்கும் சிகிச்சையை ஏற்றுமதிக்கு இணையாகக் கருதி, ஏற்றுமதியாளருக்குரிய சலுகைகளை வழங்கலாம் என்றது. அரசியலமைப்பின் 47ஆவது பிரிவு பொது சுகாதாரத்தை மேம்படுத்துவது அரசின் முதன்மைக் கடமைகளில் ஒன்று என்கிறது. கடமையாக எழுதப்பட்டது, கொள்கை ஆவணத்தில் சரக்காயிற்று. 2017ஆம் ஆண்டுக் கொள்கை, 2025க்குள் அரசுச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இரண்டரை விழுக்காடாக உயர்த்துவோம் என்றது. 2021–22ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்குகளில் அது 2 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. மக்கள் தம் கைப்பணத்திலிருந்து செலவிட்டது மொத்தச் சுகாதாரச் செலவில் 39 விழுக்காடு. தோழரின் கம்மல் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது.

இப்போது அடுத்த கட்டம் வந்திருக்கிறது. பிளாக்ஸ்டோன், கே.கே.ஆர். ஆகிய பன்னாட்டு முதலீட்டு நிறுவனங்கள் 2023, 2024ஆம் ஆண்டுகளில் கேரளத்தின் பெரிய தனியார் மருத்துவமனைக் குழுமங்களுக்குள் நுழைந்துவிட்டன. அவை சில ஆண்டுகளில் பங்குகளை இலாபத்திற்கு விற்று வெளியேறும் நோக்கத்தோடு வருபவை. அமெரிக்க முதியவரைத் தன் நாட்டிலிருந்து துரத்திய அதே மூலதனம், அவர் வந்து சேர்ந்த ஊருக்கும் வந்துவிட்டது. அப்படியென்றால் இந்த மலிவு எத்தனை நாளைக்கு?

சுயவிமர்சனமும் தேவை. கேரளம் சுகாதாரக் குறியீடுகளில் முன்னணியில் நிற்கிறது. ஆயினும் மக்கள் கைப்பணம் செலவிடும் அளவு, இங்கே தேசிய சராசரியைவிட அதிகம். காரணம், தனியார் துறையின் பரப்பு. அதற்கு மாற்று எது என்பதும் இதே மாவட்டத்தில் தெரிகிறது. எறணாகுளம் பொது மருத்துவமனையில் 2023 நவம்பரில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனை ஒன்றில் இது நாட்டிலேயே முதன்முறை. 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கம், ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார நிலையங்களாக மாற்றியது. தமிழகத்தில் 1994இல் உருவான மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மையமாகக் கொள்முதல் செய்து இலவசமாக வழங்கும் வழியைக் காட்டியது. கேரளமும் பின்னர் அதைப் பின்பற்றியது. பொதுத்துறையில் சிகிச்சை குறைந்த செலவில் கிடைக்கும்போது, அதற்கான பணம் சமூகத்தின் பொது நிதியிலிருந்து வருகிறது. செவிலியரின் சம்பளத்தை நசுக்கித்தான் நோயாளியின் செலவைக் குறைக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. இரண்டு மலிவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

மட்டாஞ்சேரியின் கூரை

இந்த ஊர் வந்தவர்களால் உருவானது. கொங்கணியர், குஜராத்திகள், கச்சி மேமன்கள், யூதர்கள் எனப் பலரும் வந்தார்கள். டச்சுக்காரர் காலத்தில் படையினரின் சீருடை வெளுக்கத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் சமூகத்தின் வழித்தோன்றல்கள் இன்றும் ஃபோர்ட் கொச்சியின் தோபிகானாவில் உழைக்கிறார்கள். எனவே 'வெளியாள் வரக்கூடாது' என்பது நமது முழக்கமாக இருக்க முடியாது. அது இனவெறியரின் முழக்கம். நாளை அது நம்மீதும் திரும்பும்.

ஆனால் வீட்டு வாடகையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பழைய மிளகு, இஞ்சிக் கிடங்குகள் உணவகங்களாகவும் கலைக்கூடங்களாகவும் மாறுகின்றன. வீடுகள் விடுதிகளாகின்றன. ஒரு வாரத் தங்கலில் கிடைப்பதைத் தொழிலாளியின் ஒரு மாத வாடகை தராதபோது, வீட்டுக்காரர் யாருக்குக் கொடுப்பார்? சுமை தூக்கியவரும் மீன்பிடித்தவரும் ஒற்றை அறைகளுக்குள் நெருங்குகிறார்கள். ஃபோர்ட் கொச்சி துருத்தியில் நிலமற்ற குடும்பங்களுக்காக எழுப்பப்பட்ட இரட்டை அடுக்குமாடிகள், 2025 செப்டம்பரில் ஏறத்தாழ நானூறு குடும்பங்களுக்குத் திறக்கப்பட்டன. பல ஆண்டுக் காத்திருப்பின் பயன் அது. கூரை என்பதும் சந்தையிடம் விட்டுவிட முடியாத ஒன்று என்பதற்கு அதுவே சான்று.

சாப்பா கற்பித்த பாடம்

தோழர்களே, இந்த மண்ணின் வரலாற்றைச் சொல்லி முடிக்கிறேன். கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் 'சாப்பா' முறை இருந்தது. காலையில் வேலை கேட்டு நூற்றுக்கணக்கானோர் கூடுவார்கள். கங்காணி உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசுவான். கையில் வில்லை கிடைத்தவனுக்கு அன்று வேலை, மற்றவனுக்குப் பட்டினி. ஒருவரையொருவர் மிதித்துத் தள்ளி அந்த வில்லைக்காகத் தொழிலாளர்கள் அடித்துக்கொண்டார்கள். வேகமாக ஓடுபவனும் வலுத்தவனும் பிழைத்தான்.

1953 செப்டம்பர் 15 அன்று அந்த முறைக்கு எதிராக எழுந்த தொழிலாளர்கள் மீது மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. துப்பாக்கிக் குண்டுக்கும் போலீஸ் அடக்குமுறைக்கும் சையத், சையதலவி, ஆன்டணி ஆகிய மூவர் பலியானார்கள். பின்னாளில் சாப்பா ஒழிந்தது. எப்படி ஒழிந்தது? ஒவ்வொருவரும் இன்னும் வேகமாக ஓடக் கற்றுக்கொண்டதால் அல்ல. குனிந்து வில்லை பொறுக்க மறுத்து, சேர்ந்து நிமிர்ந்து நின்றதால்.

இன்று உலகச் சந்தை மருத்துவத்தையும் வாழ்வையும் அதே போல வில்லைகளாக வீசுகிறது. அமெரிக்க முதியவர் கொச்சிக்கு ஓடுகிறார். கொச்சிச் செவிலியர் லண்டனுக்கு ஓடுகிறார். தென்காசித் தொழிலாளி மட்டாஞ்சேரிக்கு ஓடுகிறார். ஓடுவது எவருடைய குற்றமும் அல்ல; பசித்தவன் ஓடத்தான் செய்வான். ஆனால் ஓட்டம் தனிமனிதனுக்குக் கிடைக்கும் தற்காலிகத் தீர்வு. ஊர் மாறுவதால் விலை மாறலாம். விலை வைக்கும் அமைப்பு மாறாது.

எனவே நமது கடமைகள் தெளிவானவை. தனியார் மருத்துவமனைகளின் துப்புரவு, ஒப்பந்தப் பணியாளர்களையும் விடுதித் தொழிலாளர்களையும் மொழி பாராமல் சங்கத்தில் சேர்க்க வேண்டும். கருவேலிப்படி தாலுகா மருத்துவமனையிலும் மட்டாஞ்சேரி பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையிலும் எந்தச் சிகிச்சை கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை என்பதைக் கிளைதோறும் பட்டியலிட்டு, இல்லாததற்காகப் போராட வேண்டும். பிற மாநிலத் தொழிலாளர்களுக்காகக் கேரள அரசு 2017இல் கொண்டுவந்த 'ஆவாஸ்' காப்பீட்டில், இங்கு வந்து வேலை செய்யும் ஒவ்வொரு தமிழ்த் தொழிலாளியும் பதிவு செய்திருக்கிறாரா என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும். அந்த வேலையை நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.

கேள்வி கேட்ட தோழருக்கு என் கடைசிச் சொல்: அடுத்த முறை அந்த முதியவரைக் காணும்போது, உங்கள் கம்மல் கதையை அவரிடம் சொல்லுங்கள். அவருடைய பல்லையும் உங்கள் கம்மலையும் பறித்தது ஒரே கை என்பதை அவரும் தெரிந்துகொள்ளட்டும்.