மரத்தை வெட்டாமல் ஒரு விளையாட்டு
(காட்டுப்பாக்கத்தில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘ஓய்வு நேரமும் உடல்நலமும்’. இந்தத் தலைப்பில் பேச ஆரம்பித்தால், “காலையில் எழுந்திருங்கள், நடங்கள், எண்ணெயைக் குறையுங்கள்” என்று உங்கள் டாக்டர் சொன்னதையே நானும் சொல்ல வேண்டிவரும். அதற்கு ஒரு மேடையும் மைக்கும் எதற்கு? ஆகையால் தலைப்பை விட்டு விலகாமல், ஒரே ஒரு விளையாட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதன் பெயர் டிஸ்க் கோல்ஃப். தட்டு வீசி ஆடும் கோல்ஃப்.

கோல்ஃப் என்றதும் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. நியாயம்தான். கோல்ஃப் என்றால் நமக்குக் கிண்டிப் பக்கத்துப் புல்வெளியும், கிளப் உறுப்பினர் அட்டையும், பை தூக்க ஓர் ஆளும்தான் ஞாபகம் வரும். 18 குழி உள்ள கோல்ஃப் மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். புல்லுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். நமக்கும் அதுக்கும் ஏழாம் பொருத்தம்! நான் சொல்ல வந்த விளையாட்டில் குழி கிடையாது, மட்டை கிடையாது, பந்தும் கிடையாது. கையில் ஒரு தட்டு. தூரத்தில் கம்பத்தில் மாட்டிய ஒரு கூடை. எத்தனை வீச்சில் தட்டைக் கூடைக்குள் போடுகிறோம் என்பதுதான் கணக்கு. தட்டு எங்கே விழுகிறதோ அங்கே போய் நின்று அடுத்த வீச்சு. எல்லாக் கூடைகளையும் முடித்த பிறகு யாருக்கு வீச்சு குறைவோ அவர் ஜெயித்தார். அவ்வளவுதான் விளையாட்டு.

தட்டு வந்த கதை

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து பிரிட்ஜ்போர்ட் நகரில் ஃபிரிஸ்பீ என்ற பெயரில் ஒரு பேக்கரி இருந்தது. அங்கிருந்து வந்த தகரத் தட்டைக் காலி செய்துவிட்டு, கல்லூரி மாணவர்கள் வீசி விளையாடினார்கள் என்று சொல்வார்கள். ஹாஸ்டல் மெஸ் தட்டை நாம் என்ன செய்தோம் என்று இங்கே சொல்ல வேண்டாம். மாணவர் புத்தி எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

கலிஃபோர்னியாவில் ஃபிரெட் மாரிசன் என்பவர் 1930களின் கடைசியில் கடற்கரையில் கேக் தட்டை வீசி விளையாடியவர். அவர் செய்த பிளாஸ்டிக் தட்டை ‘வாம்-ஓ’ என்ற கம்பெனி 1957-இல் விற்பனைக்குக் கொண்டுவந்து, அந்த ஆண்டிலேயே ‘ஃபிரிஸ்பீ’ என்று பெயரும் வைத்தது. அதே கம்பெனியில் வேலை பார்த்த எட் ஹெட்ரிக் தட்டின் மேற்பரப்பில் வட்ட வட்டமாக வரிகள் போட்டு, அது தள்ளாடாமல் பறக்கும்படி செய்தார்.

அந்த நாட்களில் தட்டை வீசி மரத்தையும் விளக்குக் கம்பத்தையும் குறிபார்த்துத்தான் ஆடினார்கள். பட்டுச்சா படலையா என்று சண்டை வராமல் இருக்குமா? நம்ம ஊர் கோலிக்குண்டு சண்டைதான்! ஹெட்ரிக் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு கம்பத்தின் உச்சியில் வளையம். அதிலிருந்து சுற்றிலும் தொங்கும் சங்கிலிகள். கீழே ஒரு கூடை. தட்டு சங்கிலியில் மோதி, வேகம் அடங்கிக் கூடையில் விழும். விழும்போது சலங்கை குலுங்குவது போல ஒரு சத்தம் வரும். பத்து வீடு தள்ளிக் கேட்கும், வாக்குவாதத்துக்கே இடமில்லை. 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரத் திடல் அமைந்தது. மறு ஆண்டே இதற்கென ஒரு சங்கமும் ஏற்பட்டது. இன்று உலகெங்கும் பதினையாயிரத்துக்கு மேல் திடல்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஊர்ப் பூங்காக்களில், காசு வாங்காமல் ஆட விடுபவை. பின்லாந்து, எஸ்டோனியா போன்ற சிறிய நாடுகளில் இது வீட்டுக்கு வீடு தெரிந்த விளையாட்டு.

நம் சென்னைக்கும் தட்டு புதிதல்ல. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்குக் காலையில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ‘அல்டிமேட்’ என்ற ஆட்டத்தில் பையன்களும் பெண்களும் ஒரே அணியாகத் தட்டை மாற்றி மாற்றி வீசிக்கொண்டு மணலில் பறப்பார்கள். அங்கே ஆடிய ‘ஃப்ளைவைல்ட்’ என்ற சென்னை அணியைப் பற்றி ‘175 கிராம்ஸ்’ என்று ஒரு குறும்படம் 2015-இல் வந்து, சன்டான்ஸ் அமைப்பின் குறும்படப் போட்டியில் தேர்வு பெற்றது. அந்த ஆட்டத்துத் தட்டின் எடைதான் 175 கிராம். அதே ஆண்டுதான் உலகப் பறக்கும் தட்டுச் சம்மேளனத்துக்குச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் முழு அங்கீகாரமும் கிடைத்தது. அல்டிமேட், டிஸ்க் கோல்ஃப் இரண்டுமே அந்தச் சம்மேளனத்தின் குடையின் கீழ் வருபவைதான்.

அல்டிமேட்டில் நடுவர் வைத்துக்கொள்வதில்லை, தவறு செய்தவரே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது மரபு. எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் மூச்சிரைக்க ஓட வேண்டிய ஆட்டம் அது. ஐம்பதைத் தாண்டிய என் முழங்கால் சம்மதிக்காது. மேலும் காட்டுப்பாக்கத்திலிருந்து பெசன்ட் நகர் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். உட்கார்ந்து எழுந்தாலே ‘கடக்’ என்று சத்தம் வரும் நம்மைப் போன்றவர்களுக்கு டிஸ்க் கோல்ஃப்தான் சரி. நடக்கத் தெரிந்தால் போதும்.

வீசும் கலை

இயற்பியல் படித்த நண்பர்கள் மன்னிக்க வேண்டும், இரண்டு நிமிடம் உங்கள் பாடத்துக்குள் வருகிறேன். தட்டு பறப்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அதன் வடிவம் விமானத்தின் இறக்கையைப் போலக் காற்றில் தூக்கல் கொடுக்கிறது. இன்னொன்று, சுழற்சி. பம்பரம் சுற்றும்வரை விழாமல் நிற்கிற மாதிரி, சுழலும் தட்டும் தன் சாய்வை மாற்றாமல் பறக்கிறது. ஆகவே புதிதாக ஆடுபவர்கள் பலத்தைக் காட்டுவதைவிடக் கடைசி நொடியில் மணிக்கட்டைச் சுண்டப் பழக வேண்டும். சுழற்சி குறைந்தால் தட்டு குடிகாரன் மாதிரி ஆடி ஆடி விழும்.

வலது கைக்காரர் மார்புக்குக் குறுக்கே கையை மடக்கி வீசினால், வேகம் குறையும் நேரத்தில் தட்டு இடது பக்கம் சாயும். இடது கைக்காரருக்கு நேர்மாறு. இதைத் தெரிந்துகொண்டால், நடுவில் ஒரு மரம் நின்றாலும் அதைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேரும்படி வீசலாம். கேரம் போர்டில் ஓரத்தில் அடித்துக் காயை உள்ளே தள்ளுகிறோமே, அந்த மாதிரி ஒரு சந்தோஷம் அதில் இருக்கிறது. எதிர்காற்றில் தட்டு மேலே எழும்பப் பார்க்கும், அதனால் தாழ்வாக வீச வேண்டும். பின்காற்றில் சீக்கிரம் இறங்கிவிடும், கொஞ்சம் உயர்த்தி வீச வேண்டும். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும் என்கிற ஊரில், 175 கிராம் தட்டு எந்த மூலைக்கு! காலை வேளையில் காற்று அடங்கியிருக்கும், அப்போது ஆடுவது நல்லது.

டிஸ்க் கோல்ஃபுக்கென்றே விற்கும் தட்டுகள் அளவில் சற்றுச் சிறியவை, விளிம்பு கூர்மையானவை. தூரத்துக்கு ஒரு வகை, நடுத்தூரத்துக்கு ஒன்று, கூடைக்குப் பக்கத்தில் போட ஒன்று என்று மூன்று ரகம் உண்டு. இதையெல்லாம் வாங்கினால்தான் ஆடலாம் என்று நினைக்க வேண்டாம். பொம்மைக் கடையில் கிடைக்கும் சாதாரண பிளாஸ்டிக் தட்டு போதும். மூன்று மாதம் ஆடிய பிறகும் ஆசை இருந்தால் நல்ல தட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கிரிக்கெட்டில் பதினோராவது ஆளாக நின்றவனுக்கு பேட்டிங்கும் வராது, பௌலிங்கும் வராது. சாயங்காலம்வரை பந்து பொறுக்கிவிட்டு வீட்டுக்குப் போவான். டிஸ்க் கோல்ஃபில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கூடையிலும் முறை உண்டு. கூடையிலிருந்து யார் அதிக தூரத்தில் இருக்கிறாரோ அவர்தான் அடுத்து வீச வேண்டும் என்பது விதி. அதாவது பின்தங்கியவருக்குத்தான் முதல் மரியாதை! அதுவரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். பாட்டியும் பேத்தியும் ஒரே குழுவில் ஆடலாம். தனி ஆளாகப் போய்ப் போன வாரத்துக் கணக்கோடு போட்டி போடலாம். யாரும் வரவில்லையே என்று ஆட்டம் நிற்காது.

நம் வேப்பந்தோப்பு

இனி, நான் இந்த விளையாட்டை இந்த மேடையில் எடுத்த காரணத்துக்கு வருகிறேன்.

நாம் படித்த காலத்துக் காட்டுப்பாக்கம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மவுண்ட்–பூந்தமல்லி சாலையை விட்டு இறங்கினால் வயலும் தோப்பும்தான். இப்போது சாலை நடுவே மெட்ரோ தூண்கள், இரு பக்கமும் அடுக்குமாடிகள். வளர்ச்சியை நான் குறை சொல்லவில்லை. என் வீடும் அப்படி ஒரு மனைப்பிரிவில்தான் இருக்கிறது. ஆனால் மாலையில் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்று பாருங்கள். கார் நிறுத்தும் இடத்தில், இரண்டு தூண்களுக்கு நடுவே! பந்து கார் கண்ணாடியில் பட்டால் மேலேயிருந்து ஒரு குரல் வரும். அத்தோடு ஆட்டம் முடிந்தது.

விடுதிக்குப் பின்னால் இருக்கும் நம் வேப்பந்தோப்பு மூன்று ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. வேம்பு, புங்கன், இரண்டு பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோதும் தாக்குப்பிடித்து நின்றவை இவை. சங்கத்தின் நிதியைக் கொண்டு அந்த இடத்தைச் சமன்படுத்தி, சிமெண்ட் கல் பதித்து, வாகனம் நிறுத்துமிடமாக்கலாம் என்று ஒரு யோசனை இருப்பதை ஆண்டறிக்கையில் படித்தேன். நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருக்கிறார்கள். “சும்மாதானே கிடக்கு” என்பது அவர்கள் வாதம்.

என் வேண்டுகோள், அது சும்மா கிடக்க வேண்டாம், ஆட்டக்களமாகட்டும் என்பதுதான். கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் மரத்தை வெட்டிப் பொட்டலாக்க வேண்டும். டிஸ்க் கோல்ஃபுக்கு மரம் நின்றால்தான் ஆட்டமே ருசிக்கும். பொட்டல் வெளியில் யார் வேண்டுமானாலும் நேராக வீசிவிடலாம். இரண்டு வேப்ப மரங்களுக்கு நடுவே வீசுவதில்தான் திறமை இருக்கிறது. மேடு பள்ளம் இருந்தால் இன்னும் விசேஷம். சமன்படுத்தும் செலவும் மிச்சம். பொழுதுபோக்குக்கு ஆடும் திடலில் ஒரு கூடைக்கு ஏறக்குறைய ஓர் ஏக்கர் என்பது பொதுக் கணக்கு. நாம் 40 மீட்டர், 50 மீட்டர் என்று தூரத்தைக் குறைத்துக்கொண்டால், அந்தத் தோப்பில் நாலு கூடைகள் தாராளமாக வைக்கலாம். இரண்டு சுற்று வந்தால் எட்டு. ஒரு மணி நேரத்து நடை.

கூடைக்கு வெளிநாட்டுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டியதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் நம்மவர்கள் இந்த அரங்கிலேயே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். ஓர் இரும்புக் குழாய், இரண்டு வளையம், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சங்கிலி, வெல்டிங். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. மனசு வைத்தால் போதும்.

சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிட வேண்டும். ஆள் நடமாட்டம் இருக்கும்போது வீசக் கூடாது. வேகமாக வரும் தட்டு முகத்தில் பட்டால் பல்லும் போகும். கை நழுவிவிட்டால் “தட்டு வருது!” என்று உரக்கக் கத்த வேண்டும். பாதைக்கும் விடுதிக்கும் எதிர்ப்புறமாகத்தான் வீச்சு அமைய வேண்டும். இளம் மரங்களின் மேல் திரும்பத் திரும்பத் தட்டு மோதினால் பட்டை உரிந்துவிடும். அவற்றுக்குச் சாக்கோ கயிறோ சுற்றிக் காவல் வைக்க வேண்டும். புதரில் விழுந்த தட்டை எடுக்க வெறுங்கையை விடாதீர்கள், குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள். பாம்புக்கு நம் விதிகள் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கும், அப்போது ஆட்டத்துக்கு லீவு. அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதும் ஒரு லாபம்தான். சிமெண்ட் கல் பதித்துவிட்டால் அது சாலைக்கு ஓடி, நம் வாசலுக்கே திரும்பி வரும். 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊருக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. கல்லூரி அணியில் இடம் கிடைக்காதவர்கள்தான் எப்போதும் எண்ணிக்கையில் அதிகம். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். விளையாட்டு நமக்கு வராது என்று இருபது வயதில் முடிவு கட்டிவிட்டால், அடுத்த நாற்பது வருஷம் நாற்காலியிலேயே போய்விடும். ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்தவரும் இதில் ஒரு நாள் ஒரே வீச்சில் கூடையைப் பிடிக்கலாம். அதற்கு ஏஸ் என்று பெயர். அந்தச் சங்கிலிச் சத்தத்தை ஒரு தடவை கேட்டுவிட்டால் அடுத்த ஞாயிறு தானாகக் கால் தோப்புக்கு நடக்கும்.

சங்கத்தாருக்கு என் கோரிக்கை மூன்றே மூன்று. வாகன நிறுத்தத் திட்டத்தை ஓராண்டு தள்ளி வையுங்கள். அந்த ஓராண்டுக்கு நாலு கூடைகள் வைக்க அனுமதி கொடுங்கள், கூடைச் செலவில் முதல் பங்கு என்னுடையது. ஞாயிறு காலை 6 மணி முதல் 9 மணிவரை தோப்பின் பின்கதவை முன்னாள் மாணவர்களுக்கும் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளுக்கும் திறந்து விடுங்கள். அடுத்த ஆண்டுக் கூடலில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். யாரும் வரவில்லை என்றால் கூடைகளை நானே பிடுங்கிக்கொண்டு போகிறேன். மரங்கள் அங்கேயே நிற்கட்டும்.