சட்டாம்பிள்ளையும் பக்கத்து பெஞ்சும்



அந்தமானின் ஃபீனிக்ஸ் பேயில் டாக்யார்டைப் பார்க்காமல் யாரும் போக முடியாது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். கதவு மூடிய டிரை டாக். உள்ளே நீரில் ஒரு படகு மிதக்கிறது, அதன் மேல் 2 டன் இரும்பு நங்கூரம். அதை இறக்கி டாக்கின் அடித்தரையில் போட்டுவிட்டால் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே நிற்குமா?

முந்தாநாள் ஓர் இரண்டாமாண்டு வகுப்பில் இதைக் கேட்டேன். பாதிக்கு மேல் ‘அப்படியே நிற்கும்’ என்று கை தூக்கினார்கள். விடை சொல்லவில்லை. பக்கத்திலிருப்பவரைச் சம்மதிக்க வையுங்கள் என்று மூன்று நிமிடம் விட்டேன். முன் பெஞ்சில் ஒரு தமிழ்ப் பையன், “தண்ணிக்குள்ளதானடா போகுது, ஏன் மாறணும்?” என்றான். டிக்லிப்பூரிலிருந்து வந்த வங்காளிப் பையன் நோட்டில் படகை வரைந்து, ஹிந்தியில் மடக்கினான்: மேலே இருக்கையில் நங்கூரம் தன் எடைக்கு நீரைத் தள்ளுகிறது, அடியில் கிடக்கையில் தன் பருமனுக்கு மட்டும்தானே? 2 கன மீட்டர் எங்கே, கால் கன மீட்டர் எங்கே! பாடம் ஆங்கிலத்தில், பதில் தமிழிலும் ஹிந்தியிலும். இந்தத் தீவுகளில் நடக்கும் வகுப்புக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1991 வாக்கில் கையாளத் தொடங்கிய முறை இது. சரியான விடை சொன்னவர்கள் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பாடத்தைத் திரும்ப எடு. 70ஐத் தாண்டினால் மேலே போ. இடைப்பட்டால் பேச விடு. பெரிய வகுப்பில் நடக்காது என்பவர்களுக்கு ஒரு தகவல்: ஐஐடி பம்பாயில் நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்த முதலாண்டு நிரலாக்க வகுப்பிலேயே இதன் உறவுக்கார முறை ஒன்றை நடத்தி, 2013இல் ஆய்வாக வெளியிட்டார்கள்.

நமக்கு இது புதிதா? திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தானே! மணலில் எழுதிப் படித்த பிள்ளைகளைப் பார்த்துத்தான் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், 1790 வாக்கில், எழும்பூர் ஆண் அநாதை விடுதியில் அதையே புகுத்தினார். ஆசிரியர்கள் முடியாது என்று கைவிரிக்கவே, எட்டு வயதுப் பையனிடம் அகரவரிசை வகுப்பை ஒப்படைத்தார். அந்த அனுபவம் 1797இல் லண்டனில் நூலாக வந்து, ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் உலகைச் சுற்றியது. 1794இல் எட்டு மாணவர்களோடு மைக்கேல் டாப்பிங் தொடங்கிய நில அளவைப் பள்ளிக்குப் பையன்கள் வந்ததும் அதே விடுதியிலிருந்துதான். அந்தப் பள்ளிதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரி.

ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல என்பதே என் கட்சி. சட்டாம்பிள்ளை வாத்தியார் சொன்னதை ஒப்பிப்பான், கையில் பிரம்பும் இருக்கும். பக்கத்து பெஞ்சுக்காரனுக்குப் பிரம்பு இல்லை; அவன் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். அந்தச் சந்தேகம்தான் இரண்டு பேரையும் யோசிக்க வைக்கிறது. ‘குரூப் டிஸ்கஷன்’ என்று நன்றாகப் படிக்கும் பையனைத் தலைவனாக்கி உட்கார வைக்கும் வகுப்புகளில் நடப்பது சட்டாம்பிள்ளை முறைதான்.

நானே பன்னிரண்டு வருடம் பலகை நிறையச் சமன்பாடு எழுதி, “புரிஞ்சுதா?” என்று கேட்டு, “புரிஞ்சுது சார்” என்ற கோரஸில் மயங்கியவன். விடைத்தாள் வரும்போதுதான் மயக்கம் தெளியும். 2014இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள்: விரிவுரை மட்டும் கேட்டவர்களில் 34 சதவீதம் பேர் தோற்றார்கள், வகுப்பில் தாங்களே ஈடுபட்டவர்களில் 22. வேடிக்கை என்னவென்றால், மாணவருக்கே இது பிடிப்பதில்லை. 2019இல் ஹார்வர்டில் சோதித்தபோது, அதிகம் கற்றவர்களே குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தடுமாறியது நினைவில் நிற்கிறது போலும்.

முந்தாநாள் வகுப்பு முடிந்தும் ஒருவன் மட்டும் ஒப்பவில்லை. கேன்டீனில் ஒரு வாளித் தண்ணீர் வாங்கி, எவர்சில்வர் கிண்ணத்தில் ஹாஸ்டல் பூட்டை வைத்து மிதக்கவிட்டு, வாளியின் உட்புறத்தில் பேனாவால் கோடு போட்டான். பிறகு பூட்டை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டான். சுற்றி நின்ற ஐந்தாறு பேரும் குனிந்தார்கள்.