மழையில் கரையாத குடில் பொம்மை

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நம்ம திருவண்ணாமலையில் தீபம் முடிஞ்சு அகலை எடுத்து வைக்கிறதுக்குள்ள கிறிஸ்துமஸ் வந்துடும். எங்க ஊர் மாதா கோயில் வாசலில் குடில் போடுற வேலையை எங்க குழுதான் செய்யுது. பன்னிரண்டு பேரில் கிறிஸ்தவங்க நாலே பேர்தான், ஆனா வேலைக்கு எல்லாரும் வந்துடுவாங்க.

குடில்னா என்னன்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். இயேசு மாட்டுத் தொழுவத்தில் பிறந்ததைக் காட்ட, சின்னதா கூரை போட்டு, மாதா, சூசையப்பர், இடையர், ஆடு மாடு பொம்மைகள் வைப்போம். 1223-ல் இத்தாலி நாட்டில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் வைத்ததைத்தான் இதுக்குத் தொடக்கமா சொல்வாங்க. அங்கே பொம்மையே கிடையாது. வைக்கோல் போட்ட தீவனத் தொட்டி, நிஜ மாடு, நிஜ கழுதை, அவ்வளவுதான். ஆக, பெரிய செலவு வேணும்னு யாரும் நினைக்க வேண்டாம்.

நாங்க அப்படி நினைச்சுத்தான் ஏமாந்தோம். முதல் வருஷம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மையை செட்டா வாங்கினோம். மூணு நாள் அடைமழை. பெயிண்ட் உரிஞ்சு, சூசையப்பர் கை கழண்டு கீழே விழுந்துடுச்சு.

எங்க குழுவில் மண்பாண்டம் செய்யற அக்கா ஒருத்தர் இருக்காங்க. தீபத்துக்கு அகல் செய்யறவங்க. "சுட்ட மண்ணு மழைக்குக் கரையுமா? கூரை ஓடு கரையுதா?"ன்னு கேட்டாங்க. மதுரை பக்கம் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யற கைதான் குடில் பொம்மையும் செய்யுது. நம்ம ஊர் கைக்கு மட்டும் வராதா என்ன?

பொம்மைக்கு உள்ளே கூடு விடணும், அடியில் ஒரு துளை இருக்கணும். இல்லேன்னா சூளையில் வெடிச்சுடும். நிழல்லதான் காய வைக்கணும், வெயில்ல வெச்சா விரிசல் விடும். ஐப்பசி மழையில் எதுவும் காயாது, அதனால ஆவணியிலேயே ஆரம்பிக்கணும். அகல் சுடுற சூளையிலேயே ஓரமா வெச்சு சுட்டுட்டாங்க, தனியா விறகு செலவு இல்லை.

அப்புறம்தான் பிரச்சினை. "நம்ம குழு ஆளுதானே, சாமி காரியம்தானே, இதுக்குக் கூலியா?"ன்னு ரெண்டு பேர் கேட்டாங்க. அந்த அக்கா பேசவே இல்லை, தலையைக் குனிஞ்சுகிட்டாங்க. எனக்கும் முதல்ல கூலி எதுக்குன்னுதான் தோணுச்சு, மறைக்க வேண்டாம். அப்போ ஊக்குநர், "அந்த நாளெல்லாம் அகல் செஞ்சிருந்தா எத்தனை ஆகியிருக்கும்?"னு கேட்டாங்க. அக்கா விரல் விட்டு எண்ணிச் சொன்னதும் யாருக்கும் பேச்சு வரலை. அவங்க வாங்கின கடன் தவணை அந்த அகல் காசுலதான் கட்டணும்! கூலி உண்டுன்னு தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். குழு சேமிப்பைத் தொடலை, வீட்டுக்கு வீடு வசூல் பண்ணிக் கொடுத்தோம்.

கூரைக்குச் சவுக்குக் கம்பு, மேலே வைக்கோல், அதுக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட். சாக்கை சிமெண்ட் பாலில் முக்கி, கல்லு மேல மடிச்சுப் போட்டா காய்ஞ்சதும் மலை மாதிரி நிக்கும். பொம்மைக்கு எனாமல் பெயிண்ட் அடிங்க, சுண்ணாம்புக் கலர் மழைக்கு நிக்காது. புல்லுக்குத்தான் நம்ம பெண்களுக்குச் சொல்லித் தரவே வேண்டாம். மாரியம்மனுக்கு முளைப்பாரி போடுறோமே, அதேதான். பத்து நாள் முன்னாடி தட்டில் கேழ்வரகு தெளிச்சு விட்டா பச்சைப் பசேல்னு வந்துடும்.

நெருப்பு விஷயத்தில் மட்டும் கவனமா இருங்க. ஒரு வருஷம் ஒரு பையன் ஆசையா குடிலுக்குள்ளேயே மெழுகுவர்த்தி கொளுத்திட்டான். வைக்கோல் பிடிச்சு, ஈரச் சாக்கால அடிச்சு அணைச்சோம். இப்போ குடிலுக்குள்ள தீயே கிடையாது, அகல் எல்லாம் தள்ளி செங்கல் மேலதான். சீரியல் லைட் ஒயர் ஜாயிண்ட் ஈரத் தரையில் படக்கூடாது. கம்பத்தில் கொக்கி போடவே போடாதீங்க.

குழந்தை இயேசுவை 24-ஆம் தேதி ராத்திரிதான் வைப்போம். ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள் முடிஞ்சதும் வைக்கோல் சுத்திப் பரண் மேல ஏத்திடுவோம். போன தடவை ஒரு ஆட்டுக்குக் காது மட்டும்தான் உடைஞ்சது. இந்த வருஷம் ராஜாக்களுக்கு ஒட்டகம் வேணும்னு கேட்டிருக்கோம். "நான் ஒட்டகத்தைப் பார்த்ததே இல்லையே, நல்ல படமா ஒண்ணு கொண்டாங்க"ன்னு அக்கா சொல்லியிருக்காங்க.