ஒரு மானியும் பல அறைகளும்



கொழும்பிலே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை முதலான பகுதிகளில் ஒரு வீட்டைப் பலர் பகிர்ந்து வாழ்வது நெடுங்கால வழக்கம். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் தலைநகருக்கு வருவோர், நால்வர் ஐவராகக் கூடி ஒரு வீட்டையோ மேல்மாடியையோ வாடகைக்கு எடுத்துக்கொள்கின்றனர். வாடகையைப் பங்கிடுவதில் இவர்களிடையே பெரும் பிணக்கு எழுவதில்லை. அத்தொகை முன்கூட்டியே தெரிந்தது, மாதந்தோறும் மாறாதது. மின்சாரப் பட்டியலோ அத்தகையதன்று. மாதம் கழிந்த பின்னரே அது வருகின்றது. எத்தனை அலகு செலவாயிற்று என்பதைச் சொல்லுகின்றது. யாரால் செலவாயிற்று என்பதைச் சொல்லுவதில்லை. அது சொல்லாமல் விட்டதை வீட்டார் ஒருவருக்கொருவர் சொல்லத் தொடங்கும்போதுதான் மனத்தாங்கல் பிறக்கின்றது.

பொதுப்பொருளைப் பங்கிடுவது நமக்குப் புதிய கலையன்று. யாழ்ப்பாணத்திலே பல குடும்பங்களுக்கு உரிய பங்குக் கிணறுகள் உண்டு. காணி உறுதியிலேயே இன்னாருக்குக் கிணற்றில் இத்தனை பங்கு, தண்ணீர் செல்லும் வாய்க்காலில் இன்ன உரிமை என்று எழுதிவைப்பது அங்குள்ள வழக்கு. துலா மிதித்து இறைத்த காலத்திலும் இன்னார் இறைக்கும் முறை எப்போது வருகின்றது என்பதை அயலார் அனைவரும் அறிவர். கிணற்று நீர் கண்ணுக்குத் தெரியும். அது வற்றுவதும் தெரியும். மின்சாரமோ கண்ணுக்குத் தெரியாதது. ஆகையினால் கிணற்றுக்கு வேண்டியதினும் தெளிவான ஒழுங்கு மின்சாரத்துக்கு வேண்டும். ஆயினும் பெரும்பாலான வீடுகளில் எவ்வித ஒழுங்கும் வகுக்கப்படுவதில்லை.

அண்மைக் காலத்தில் இக்கேள்வி கூர்மை பெற்றிருக்கின்றது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்தது. ஓகஸ்ட் மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதம் உயர்ந்தது. 2023 பெப்ருவரியில் மீண்டும் நூற்றுக்கு 66 வீதம் உயர்ந்தது. பின்னர் சில தடவை குறைந்தும் சில தடவை கூடியும் வந்திருக்கின்றது. முன்பு சில நூறு ரூபாய் வேறுபாட்டைப் பாராட்டாதிருந்த நண்பர்களும், அவ்வேறுபாடு ஆயிரங்களாக வளர்ந்தபோது கணக்குக் கேட்கலாயினர். அதை அற்பத்தனம் என்று கொள்ளுதல் தகாது. வீட்டிலிருந்து வரும் பணத்தில் படிக்கும் மாணவன் ஒருவனுக்கு ஓராயிரம் ரூபாய் என்பது பல வேளை உணவு.

இனி, பட்டியல் எவ்வாறு அமைகின்றது என்பதை நோக்குவோம். நமது நாட்டின் வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக உயரும் அமைப்பை உடையது. முதற்படியின் அலகுகள் மலிவானவை. மேலே ஏற ஏற ஒவ்வோர் அலகின் விலையும் கூடுகின்றது. அண்மைய ஆண்டுகளின் அமைப்பில், மாதத்துக்கு 60 அலகைக் கடவாத வீட்டுக்கு ஒரு கட்டண வரிசை. அதைக் கடந்த வீட்டுக்கு 60, 90, 120, 180 என்னும் எல்லைகளை உடைய வேறொரு வரிசை. இவற்றோடு ஒரு நிலையான கட்டணமும் உண்டு. பாவனை உயர அதுவும் உயரும். சிக்கனமாய்ச் செலவிடும் சிறு குடும்பத்துக்குச் சலுகை காட்டுவதே இவ்வமைப்பின் நோக்கம்.

ஆனால், மானி மனிதரை எண்ணுவதில்லை. நால்வர் தனித்தனியே 35 அலகு வீதம் செலவிட்டாலும், அவர்கள் ஒரு மானியின்கீழ் வாழ்வார்களாயின் அது 140 அலகு செலவிட்ட ஒரு வீடாகவே கணிக்கப்படும். சிக்கனமானவர் நால்வர் சேர்ந்து ஊதாரியான ஒருவரின் கட்டணத்தைச் செலுத்த நேரிடுகின்றது. கூடிவாழ்வதால் வாடகையில் கிட்டும் இலாபத்தின் ஒரு பகுதி இவ்வாறு மின்கட்டணத்தில் கழிந்துபோகின்றது. இதனை முதலில் அறிந்துகொண்டால், பட்டியல் உயர்ந்ததற்கு ஒருவரையே குற்றஞ்சாட்டும் வழக்கம் குறையும்.

அடுத்ததாக, அலகு என்றால் என்ன? ஆயிரம் வாற்று வலுவுடைய கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாவது ஓர் அலகு. இவ்வொரு கணக்கை அறிந்தவர் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் அளந்துவிடலாம். 50 வாற்று மின்விசிறி நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் சுழன்றால் மாதத்துக்கு 12 அலகு. 10 வாற்று விளக்கு ஆறு மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு இரண்டு அலகுக்கும் குறைவு. ஆயிரம் வாற்று மின் அழுத்தியை நாள்தோறும் அரைமணி நேரம் பாவித்தால் 15 அலகு. 750 வாற்று நீர்ப் பம்பி அரைமணி நேரம் ஓடினால் 11 அலகுக்குச் சற்று மேல். குளிக்கும் நீரைச் சூடாக்கும் 3500 வாற்றுக் கருவியை ஒருவர் தினமும் பத்து நிமிடம் பாவிப்பாராயின், அவரொருவரால் மட்டும் 17 அலகுக்கு மேற் செலவாகும். விளக்கை அணைக்க மறந்தவரோடு வாதிடும் வீட்டார், வெந்நீரைப் பற்றியும் அழுத்தியைப் பற்றியும் பேசாதிருப்பது வியப்புக்குரியதே. வெளிச்சம் கண்ணிற் படுகின்றது, சூடு படுவதில்லை.

இனிப் பங்கீடு. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். இதில் வரும் விலைகள் கணக்கின் எளிமைக்காக அமைத்துக்கொண்டவை. முதல் 60 அலகும் பத்து ரூபாய் வீதம், அடுத்த 30 அலகு பதினைந்து ரூபாய், அதற்கடுத்த 30 அலகு இருபது ரூபாய், அதற்கு மேல் முப்பது ரூபாய், நிலையான கட்டணம் 500 ரூபாய் என்க. நால்வர் வாழும் வீட்டில் 150 அலகு செலவாயிற்று. அலகுகளின் விலை 2550 ரூபாய். நிலையான கட்டணத்தோடு 3050 ரூபாய். சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு 762 ரூபாய் 50 சதம்.

அந்த 150 அலகில் குளிர்சாதனப் பெட்டி, பம்பி, சமையலறை, கூடத்து விளக்கு ஆகிய பொதுச்செலவு 60 அலகு எனக் கொள்வோம். எஞ்சிய 90 அலகில், விசிறியும் விளக்கும் மட்டும் பாவிக்கும் இருவர் 15 அலகு வீதம். சிறிது நேரம் கணினியும் பாவிப்பவர் 20 அலகு. நாள்தோறும் உடை அழுத்தி, நெடுநேரம் கணினியிற் பணிபுரிபவர் 40 அலகு. ஓர் அலகின் சராசரி விலை 17 ரூபாய். நிலையான கட்டணத்தையும் பொதுச்செலவையும் நால்வருக்கும் சமமாக்கி, தனிச்செலவை அவரவர் அலகின்படி கணித்தால், முதல் இருவருக்கும் 635 ரூபாய் வீதம். மூன்றாமவருக்கு 720 ரூபாய். நான்காமவருக்கு 1060 ரூபாய். மொத்தம் அதே 3050 ரூபாய்தான். சமப்பங்கு என்பது இவ்வீட்டில் நியாயமான பங்காக இருக்கவில்லை என்பது தெளிவு.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். "அந்த நான்காமவர் இல்லாவிட்டால் நாம் முப்பது ரூபாய்ப் படிக்கே ஏறியிருக்கமாட்டோம். அவருடைய அலகுகளுக்கு முப்பது ரூபாய் வீதமே அறவிடவேண்டும்" என்று ஏனையோர் கூறலாம். இவ்வாதம் வலியதுபோற் தோன்றினும் நிலைக்காது. மானியிலே அலகுகளுக்கு முன்பின் என்னும் வரிசை இல்லை. குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தினாலும் வீடு அந்தப் படியிலிருந்து இறங்கியிருக்கும். மூவருடைய விசிறிகளை நிறுத்தினாலும் இறங்கியிருக்கும். எல்லாருடைய செலவும் சேர்ந்தே வீட்டை அப்படிக்கு ஏற்றின. ஆதலின் சராசரி விலையே எல்லாருக்கும் பொதுவான விலை. இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஒழுங்கு ஏற்பட்ட பின்னர் ஒருவர் தம் அறைக்கு வளிச்சீராக்கி போன்ற பெருஞ்செலவுக் கருவியொன்றைப் புதிதாகக் கொண்டுவருவாராயின், அதனால் ஏறிய தொகை முழுவதையும் அவரே ஏற்பது முறை. அத்தகைய அறைக்குத் துணை மானியொன்று பொருத்திவிடுதல் நன்று. தகுதிபெற்ற மின்வினைஞரைக் கொண்டே அதைச் செய்விக்கவேண்டும்.

நல்லூர்த் திருவிழாவுக்கோ வீட்டு விசேடத்துக்கோ ஊருக்குச் சென்றவர் எவ்வளவு கொடுப்பது என்பதும் அடிக்கடி எழும் வினா. நிலையான கட்டணத்தில் அவர் பங்கு குறையலாகாது. அவர் அறை அவருக்காகவே இருக்கின்றது. ஒரு வாரத்துக்கு மேற்பட்ட பிரிவாயின் பொதுச்செலவின் பங்கை நாட்கணக்கிற் குறைக்கலாம். அவ்வாறே, ஒருவருடைய விருந்தினர் ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால் அவ்விருந்தினருக்கும் ஒரு தலைப்பங்கு கணிப்பது தகும்.

வீட்டுச் சொந்தக்காரர் கீழ்த்தளத்திலும் வாடகைக்கு இருப்போர் மேல்தளத்திலும் ஒரே மானியின்கீழ் வாழும் இடங்களில், அலகுக்கு இவ்வளவு என்று அவரே ஒரு விலையைச் சொல்லுவதுண்டு. அப்போது மூலப் பட்டியலைக் காட்டும்படி கேட்பது மரியாதைக் குறைவாகாது. காட்டுகின்றவருக்கும் அதனால் ஐயம் நீங்கும். வீட்டுக்குக் குடிபுகுமுன்னரே இதனைப் பேசிக்கொள்ளுதல் எளிது. புகுந்த பின்னர் பேசுதல் அரிது.

எல்லாவற்றினும் முக்கியமான ஒன்று, பணம் குறித்த நாளிற் செலுத்தப்படுவதாகும். வாடகை கொடாதவர் தம் அறையை மட்டும் இழப்பார். மின்கட்டணப் பங்கைக் கொடாதவரோ முழு வீட்டையும் இருளில் ஆழ்த்துவார். சிவப்பு அறிவித்தல் வரும்போது அதில் ஒருவருடைய பெயரே காணப்படும். இணைப்புத் துண்டிக்கப்படும்போது பரீட்சைக்குப் படிக்கும் மாணவனின் விளக்கும் அணைந்துபோகும். ஆதலால் ஒவ்வொருவரும் ஒரு மாதப் பங்குக்கு ஈடான தொகையை முற்பணமாகப் பொதுவில் இட்டுவைப்பதும், பணம் செலுத்தும் பொறுப்பை முறைவைத்து மாற்றிக்கொள்வதும் நல்ல காப்பாகும்.

இவ்வளவுக்கும் வேண்டிய கருவி ஒரு சிறு கொப்பியும் ஒரு பென்சிலுமே. ஞாயிறுதோறும் காலையில், வீட்டார் இருவர் சேர்ந்து மானியைப் பார்த்து அதன் எண்ணை எழுதட்டும். சென்ற வார எண்ணைக் கழித்தால் அவ்வாரச் செலவு தெரியும். வீடு மூன்று வாரத்திலேயே 90 அலகை எட்டிவிட்டதென்றால், நான்காம் வாரத்தில் எல்லாரும் சற்றே அடக்கிக்கொள்ளலாம். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அளப்பது அன்பின்மையால் அன்று. அளந்த பொருளைக் குறித்து எவரும் எவரையும் ஐயுறவேண்டியதில்லை; அளவாத பொருளைக் குறித்தே ஐயம் வளரும். ஒழுங்கைப் பட்டியல் வருமுன் வகுத்துக்கொள்ளுங்கள். பட்டியல் வந்த பின்னர் வகுக்கும் ஒழுங்கு எதுவும் ஒருவருக்கு எதிரானதாகவே தோன்றும்.